ஓர்மை

மக்களே,

நேற்று போனில் நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. "ஓர்மை இல்லை" என்றதற்கு, நீ மலையாளியா என்று ஆபீஸில் கேட்டார்களாம். அதிலிருந்து நீயும் 'ஞாபகம்' என்றே சொல்கிறாயாம். ஞாபகம் மட்டும் என்ன, அதுவும் வடமொழியிலிருந்து வந்து குடியேறியதுதானே!

ஓர்தல் என்றால் எண்ணிப் பார்த்தல். திருக்குறளில் செங்கோன்மை அதிகாரம் 'ஓர்ந்துகண் ணோடாது' என்றுதான் தொடங்குகிறது. அந்த 'ஓர்' மலையாளத்துக்கும் சொந்தம், நமக்கும் சொந்தம். 1956 நவம்பர் 1 வரை நம் குமரி மாவட்டத்து விளவங்கோடும் கல்குளமும் திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தன. எல்லைக்கோடு மாறினால் பேச்சும் மாறிவிடுமா?

மற்ற ஊர்களில் 'மன ஓர்மை' என்றால் மனம் ஒன்றில் நிலைத்து அடங்குவது. இலங்கைத் தமிழரிடம் ஓர்மம் என்றால் மனவுறுதி. நினைவுக்கு ஒரு வேர், ஒருமைக்கு வேறு வேர் என்று பண்டிதர்கள் பிரிக்கலாம். பிரிக்கட்டும். எனக்கென்னவோ போன வாரம் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன.

மார்த்தாண்டத்தில் ஏடிஎம்முக்குப் போனேன். அட்டையைச் செருகியதும் ரகசிய எண் சுத்தமாக மறந்துவிட்டது. பின்னால் நாலு பேர். ஒருவர் தொண்டையைச் செருமினார். இரண்டு முறை தப்பாக அழுத்தினேன். மூன்றாவதும் தப்பினால் அட்டை முடங்கிவிடுமே என்று உருவிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். எதிர்க்கடையில் ஒரு கட்டன் சாயா. பாதி குடித்திருப்பேன், டம்ளரைப் பிடித்திருந்த விரல் தானாக அசைந்தது: மேலே, நடுவே, கீழே, மறுபடியும் நடுவே. எண் வந்துவிட்டது!

உன் பாட்டி இதைத்தான் சொல்வாள். சுருக்குப்பையைக் காணோம் என்று நாங்கள் வீட்டைப் புரட்டும்போது, அவள் மட்டும் திண்ணையில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். "கிடந்து பதறாதீங்கலே, இப்ப ஓர்ம வரும்." பெரும்பாலும் வரும். ஒருமுறை பை அவள் மடியிலேயே இருந்தது, அது வேறு கதை.

அப்புறம், போன தடவை வந்தபோது மாடி அறைச் சாவியை எங்கே வைத்தாய்? அதைத் தேடி எனக்கும் அம்மாவுக்கும் இரண்டு நாளாகப் பேச்சில்லை. போனை எடுத்ததும் பதில் சொல்ல வேண்டாம். சாயங்காலம் வேலை முடிந்து, மெதுவாக ஓர்த்துப் பார்த்துவிட்டுக் கூப்பிடு.

அப்பா