ஆறு மாசமா ஏன் போன் எடுக்கலன்னா...

டேய் மாப்ள,

எப்படிடா இருக்க, அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா? நீ கூப்பிட்டப்பல்லாம் நான் எடுக்கல, வாட்ஸ்அப்ல கட்டைவிரல் மட்டும் போட்டுட்டு ஒளிஞ்சிக்கிட்டேன், தப்புதான். அதுக்கு அப்புறம் வரேன், முதல்ல விஷயத்தக் கேளு.

காலேஜ் எலக்ஷன்ல செக்ரட்டரிக்கு நின்னேன்டா! எனக்குத் திக்கும்ல, தாம்பரத்துல பஸ் ஏறி, ப வராம பல்லாவரத்துக்குப் பதிலா ஏர்போர்ட் டிக்கெட் வாங்குவேன்ல, "காசு கொழுப்பா"ன்னு நீகூட திட்டுவியே, அதே நான்.

லைப்ரரிய அஞ்சு மணிக்கே மூடிடறாங்க, வேலைக்குப் போயிட்டு வந்து படிக்கிற பசங்க எங்க போவாங்க? யாரும் கேக்கல, அதான் நின்னேன். என் கையெழுத்துக்கு போஸ்டர் எழுதியே ஓட்டு வாங்கிடலாம்னு ஒரு நம்பிக்கை. காலேஜ் எலக்ஷனுக்குன்னே லிங்டோ கமிட்டி ரூல்ஸ் இருக்குல்ல, 2006ல சுப்ரீம் கோர்ட் அமல்படுத்தச் சொன்னது, அதுப்படி ஒருத்தர் 5000 ரூபாய்க்கு மேல செலவு பண்ணக்கூடாது, பிரிண்ட் போஸ்டர் கிடையாது, கையால எழுதினதுதான், அதையும் காலேஜ் சொல்ற இடத்துலதான் ஒட்டணும். எனக்கு வசதின்னு நினைச்சேன், ஆனா காசும் போஸ்டரும் அவ்வளவுதான்னா மிச்சம் வாய்தானடா, கிளாஸ் கிளாஸா ஏறிப் பேசியே ஆகணும்.

முதல் கிளாஸ்ல என் பேரே வரல. உதடு ஒட்டிக்கிச்சு, மூச்சு நின்னுடுச்சு, பின்னாடி பெஞ்ச்ல சிரிக்கிறாங்க, அப்படியே வெளிய வந்துட்டேன். மத்த வார்த்தை வரலன்னா வேற ஒண்ணு சொல்லித் தப்பிச்சுக்கலாம், பூரி வரலன்னா இட்லின்னு சொல்லி அதையே தின்னுக்கலாம், சொந்தப் பேர என்னன்னுடா மாத்துறது? அன்னிக்கு நைட் நாமினேஷன வாபஸ் வாங்க லெட்டரே எழுதிட்டேன்.

கொடுக்கறதுக்கு முன்னாடி ஸ்பீச் தெரபிஸ்ட் மேடத்தப் பாத்தேன். அவங்க வான் ரைப்பர்னு ஒரு அமெரிக்கக்காரர் பத்திச் சொன்னாங்க, அவருக்கும் திக்குமாம், திக்காம பேசணும்னு போராடப் போராடத்தான் இன்னும் சிக்கிக்குது, மறைக்காம திக்கு, வேணும்னேகூட திக்கிப் பாருங்கறதுதான் அவர் காட்டின வழி. எனக்குக் கோவமே வந்துச்சு, இத்தன வருஷமா நான் மறைச்சதெல்லாம் வீணா? ரெண்டு நாள் டீக்கடைல, ஜெராக்ஸ் கடைலன்னு வேணும்னே ப்ப்ப்பன்னு இழுத்தேன். ஒருத்தர்கூட கண்டுக்கலடா.

கடைசி நாள் ஆடிட்டோரியம். கை நடுங்குது. மைக்க புடிச்சு, "எனக்குத் திக்கும், கொஞ்சம் நேரமாகும், உக்காந்து கேளுங்க"ன்னு முதல்லயே சொல்லிட்டேன். அப்புறமும் ப... ப... பிரபான்னு திக்கித்தான் வந்துச்சு, ஆனா மூச்சு அடைக்கல. லைப்ரரி விஷயத்த முழுசா, ஒரு வார்த்தையும் மாத்தாம பேசி முடிச்சேன்.

63 ஓட்டுல தோத்துட்டேன். ரெண்டு நாள் சாப்பாடே இறங்கல, உண்மையச் சொல்றேன். ஆனா ஜெயிச்சவன் லைப்ரரி மனுவ நீயே வந்து பேசுன்னு கூப்பிட்டிருக்கான், திங்கக்கிழமை பிரின்சிபால் ரூம்ல.

போன் மேட்டர் இதுதான். எதிர்ல ஆள் இருந்தா மூஞ்சியப் பாத்தாவது புரிஞ்சுக்குவாங்க, போன்ல சத்தம் வரலன்னா கட்தான். முன்னாடி எடுத்தப்ப நீயே ரெண்டு தடவ "சிக்னல் இல்லடா"ன்னு வச்சிருக்க. சிக்னல் இருந்துச்சுடா, எனக்குத்தான் வார்த்தை வரல.

ஞாயித்துக்கிழமை நானே கூப்பிடறேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் கேக்கலன்னாலும் வச்சிடாத, லைன்லதான் இருப்பேன்.

பிரபா