ரவையளவுப் பற்கள்

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நாள் தவறாமல் போட்டுக்கொள். இங்கே எல்லோரும் நலம். பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள்.

"ஒரு பல்லைப் பார்த்து இனம் சொல்லக் கம்ப்யூட்டர் எதற்கு?" என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. ராத்திரியெல்லாம் அதுதான் மனதில் ஓடியது.

நான் ஆராய்வது கோனோடான்டின் பற்களை. அது விலாங்கு மாதிரி நீண்ட, தாடையில்லாத சின்னக் கடல் உயிரி. 20 கோடி வருடங்களுக்கு முன்பே அற்றுப்போனது. மிஞ்சியது பெரும்பாலும் பற்கள்தான். 1856-இல் பாண்டர் என்ற ஆய்வாளர் அவற்றை மீன் பற்கள் என்று எழுதினார். உடலின் தடத்தோடு கூடிய புதைபடிவம் எடின்பரோ அருகே கிடைத்து, அதன் விவரம் வெளியானது 1983-இல். அதுவரை பல்லை வைத்துக்கொண்டு மிருகத்தைத் தேடியிருக்கிறார்கள்!

என் மேசையில் இருப்பது தெற்கு பிரான்ஸின் மோந்தாஞ் நுவார் மலைப்பகுதிச் சுண்ணாம்புக்கல், ஏறக்குறைய 37 கோடி வருடப் பழசு. வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலத்தை நீர்க்கச் செய்து அதில் போட்டால் கல் மெல்லக் கரையும். பாஸ்பேட்டால் ஆன பல் கரையாது. வண்டலைச் சலித்துக் காயவைத்து, நுண்ணோக்கியின் கீழ் ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறேன். ரவையளவுதான் இருக்கும். ஆனால் கோனோடான்டில் பால்மாடோலெப்பிஸ் என்றொரு வகை, அதன் பல்லை லென்ஸில் பார்த்தால் குட்டி வெற்றிலை மாதிரி தெரியும்: நடுவில் ஒரு முகடு, அதில் ஒரு குமிழ், ஒரு பக்கம் மட்டும் பிதுங்கிய மடல்.

இந்த மடலில்தான் சண்டை. "குட்டை", "சற்றே வளைந்தது" என்று ஒருவர் எழுதுவார். அதே பல்லை இன்னொருவர் வேறு இனம் என்பார். எந்த இனம் என்பதை வைத்துத்தான் பாறை அடுக்கின் வயதைச் சொல்கிறோம், அதனால் இனம் மாறினால் வயதும் மாறிப்போகும். டெவோனியன் என்ற புவியியல் காலத்தின் ஃபிராஸ்னியன், ஃபாமெனியன் கட்டங்களைப் பிரிக்கும் உலக எல்லையே அங்கே கூமியாக் கல்குவாரியில், இந்தப் பற்களை நம்பித்தான் குறிக்கப்பட்டிருக்கிறது.

நீ நெல்மணியின் நீளத்தை அகலத்தால் வகுத்து ரகம் பிரிப்பாயே, அதன் அடுத்த படிதான் இது. இரண்டு அளவுக்குள் மடலின் வளைவு அடங்காது. அதனால் ஓரக்கோடு முழுவதையும் கம்ப்யூட்டரில் வரைந்து, பெரிதும் சிறிதுமான அலைகளின் கூட்டாக மாற்றுகிறோம். ஃபூரியர் முறை என்று பெயர். முதல் சில அலைகளிலேயே இலையின் உருவம் வந்துவிடும். கிளாப்பர், ஃபாஸ்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993-இலேயே ஃபிராஸ்னியன் பால்மாடோலெப்பிஸ் இனங்களுக்கு வடிவப் பகுப்பாய்வு செய்து எழுதியிருக்கிறார்கள்.

பல்லுக்கு ஒரு புள்ளி என்று வடிவங்களை வரைபடத்தில் குறிக்கிறேன். போன மாதம் அந்தப் புள்ளிகள் அழகாக இரண்டு கூட்டமாகப் பிரிந்தன. புது வகை ஒன்று கையில் இருக்கிறது என்று இரண்டு நாள் தூக்கமில்லை. அப்புறம் பார்த்தால், ஒரு கூட்டம் முழுக்கப் படமெடுக்க ஒரே நாளில் ஒட்டிய பற்கள். பசைத்தாளில் எல்லாம் லேசாகச் சாய்ந்திருந்தன. நேராக வைத்துப் படமெடுத்ததும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வெறும் கண்ணால் முடிவு சொல்லியிருந்தால், தவறு எங்கே நுழைந்தது என்று தேடியிருக்கவே முடியாது.

வயதுக் குழப்பம் இன்னொன்று. இந்தப் பற்கள் வெளியே படலம் படலமாகப் படிந்து வளர்பவை. குட்டியின் பல்லும் முதிர்ந்ததன் பல்லும் ஒரே சாயலில் இருக்காது. ஆகவே வடிவத்தை எப்போதும் பருமனோடு சேர்த்தே பார்க்கிறேன். சின்னதிலிருந்து பெரியது வரை ஒரே கோட்டில் ஓடினால் ஒரே இனம்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். அளவு ஒத்திருந்தும் வடிவம் விலகி நின்றால் மட்டுமே வேறு இனம் என்று பேசத் தொடங்குவேன்.

சரி, உன்னிடம் ஒரு உதவி. இத்துடன் நாற்பது படம் வைத்திருக்கிறேன். பின்னால் எண் மட்டும் இருக்கும். சீரகச் சம்பாவைக் கையில் எடுத்ததும் சொல்லும் கண் உனக்கு. புதுக் கண்ணாடி வந்ததும் ஒத்தவற்றைச் சேர்த்து அடுக்கி, எண்களை எழுதி அனுப்பு. என் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
ராமு