ஆரஞ்சுக்குப் பதில் ஒரு நாவல்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம்.

உடம்பு முடியாதவரைப் பார்க்கப் போகும்போது நாம் ஆரஞ்சும் வாழைப்பழமும் வாங்கிப் போகிறோம். சிறுநீரக நோயாளிக்கு இரண்டிலும் பொட்டாசியம் அதிகம், தொடக்கூடாது. எனக்கு வந்த பழமெல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் போயிற்று. என் மகள் மட்டும் இங்கே சிங்கப்பூரில் ஊட்லண்ட்ஸ் வட்டார நூலகத்திலிருந்து ஒரு நாவலை எடுத்து வந்தாள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எனக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. அன்றிலிருந்து வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம் டயாலிசிஸ். துவாஸில் ஒரு கிடங்கில் 19 ஆண்டுகள் பாரந்தூக்கி ஓட்டியவன் நான். 12 மணி நேர ஷிப்ட் இனி முடியாது என்றதும் அந்த வேலை போனது. வீட்டில் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. சாப்பாட்டில் உப்பில்லை என்று மனைவியிடம் கத்துவேன். உப்பைக் குறைக்கச் சொன்னது மருத்துவர் என்று எனக்குத் தெரியும், இருந்தும் கத்துவேன். அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை.

டயாலிசிஸில் மூன்றாவது மணி நேரம்தான் கொடுமை. கால் கெண்டைச் சதை கல்லாக இறுகிக்கொள்ளும். தாதியைக் கூப்பிட்டு, போதும், எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சுவேன். பல நாள் அரை மணி நேரம் முன்னதாகவே எழுந்து வந்திருக்கிறேன். அப்படிச் செய்தால் உடம்பில் நீர் தங்கி மூச்சு வாங்கும் என்று எத்தனையோ முறை சொன்னார்கள். கேட்கவில்லை.

மகள் கொண்டுவந்தது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சுமத்ராவின் மேடான் நகரிலும் பினாங்கிலும் நடக்கிற கதை. பாண்டியன் என்ற இளைஞன் வட்டிக்கடை வேலைக்குக் கடல் கடந்து வந்தவன். எடுத்தவுடன் ஓடுகிற கதையில்லை. இடது கையில் இரண்டு ஊசி, அதை அசைக்கக்கூடாது. வலது கையால் புத்தகத்தையும் பிடிக்க வேண்டும், பக்கத்தையும் தள்ள வேண்டும். முதல் வாரம் 20 பக்கம்கூடப் போகவில்லை. தாதி ஒருவர் பெரிய கிளிப் ஒன்றைக் கொடுத்த பிறகுதான் கொஞ்சம் சுலபமானது.

அப்புறம் அந்தக் கடல் பயணம் வந்தது. சுமத்ராவிலிருந்து பினாங்குக்குத் தொங்கான் என்ற பாய்மரச் சரக்குப் படகில் போகிறார்கள், நடுக்கடலில் புயல் பிடித்துக்கொள்கிறது. நான் அதைப் படித்தது சரியாக என் மூன்றாவது மணி நேரத்தில். கால் இழுத்தது. படகு ஏறி ஏறி விழுந்தது. அதில் இருந்தவர்களுக்கு அடுத்த அலையைத் தவிர வேறு எதையும் நினைக்க நேரமில்லை. நானோ அத்தனை மாதமும் அடுத்த ஐந்து வருடத்தையும், பத்து வருடத்தையும், மகளின் கல்யாணத்தையும் ஒரே மூச்சில் நினைத்துத்தான் உடைந்து போயிருந்தேன். இந்த ஒரு பக்கம் முடியட்டும், அப்புறம் தாதியைக் கூப்பிடலாம் என்று இருந்தேன். அடுத்த பக்கமும் முடிந்தது. மணி அடித்தபோது 4 மணி நேரம் முழுதாக ஆகியிருந்தது. அன்றிலிருந்து ஒருநாளும் பாதியில் எழுந்ததில்லை.

புத்தகம் நோயைக் குணப்படுத்தாது. என்னை உயிரோடு வைத்திருப்பது மருந்தும் இயந்திரமும் தாதிகளும். ஆனால் அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தது இந்த நாவல். இது சுகமாக முடிகிற கதையும் கிடையாது. முடிவைச் சொல்லிப் படிக்கப் போகிறவர்களைக் கெடுக்க விரும்பவில்லை. கடைசிப் பக்கங்களைப் படித்துவிட்டு இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. ஆறுதலாக நாலு வார்த்தை சொல்கிற புத்தகங்களையும் எனக்குக் கொடுத்தார்கள், அவை எதுவும் ஒட்டவில்லை. கஷ்டத்தைக் கஷ்டமாகவே எழுதியவரிடம்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

சிங்காரத்தின் வாழ்க்கையைப் பிறகு தேடிப் படித்தேன். இந்தோனேசியாவில் வாழ்ந்த நாளில் பிரசவத்தில் மனைவியையும் குழந்தையையும் பறிகொடுத்தவர். ஊர் திரும்பி, மதுரையில் தனியாளாகவே காலத்தைக் கழித்தார். இந்த நாவலை எழுதி, பதிப்பிக்க ஆளில்லாமல் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார். 1972ல்தான் புத்தகமாக வந்தது. இதைத் தெரிந்துகொண்டு மறுபடி படித்தபோது அந்தப் புயலே வேறு மாதிரி இருந்தது.

இரவல் 21 நாள்தான். புதுப்பித்தும் போதாமல் ஊரிலிருந்து சொந்தப் பிரதி வரவழைத்தேன். அதைப் பார்த்துவிட்டு, என்ன தம்பி படிக்கிறீங்க என்று அடுத்த நாற்காலிப் பெரியவர் கேட்டார். சர்க்கரையால் அவருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. தொங்கான் என்ற சொல்லைக் கேட்டதுமே நிமிர்ந்து உட்கார்ந்தார். சிங்கப்பூர் ஆற்றில் மூட்டை சுமந்தவராம். படகுகளின் முகப்பில் கண் வரைந்திருப்பதையும், 1983ல் அவற்றை ஆற்றைவிட்டு அப்புறப்படுத்தியதையும் சொல்லிக்கொண்டே இருந்தார். அதுவரை அவர் பேசி நான் கேட்டதே இல்லை. இப்போது நான் மெதுவான குரலில் வாசிக்கிறேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். நடுவில் நிறுத்தி, பாய்மரத்தை அப்படிக் கட்டமாட்டார்கள் என்று திருத்துவார்.

உங்கள் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். டயாலிசிஸ் நிலையங்களிலும் மருத்துவமனைக் காத்திருப்புக் கூடங்களிலும் ஆங்கில இதழ்களும் சீன இதழ்களும் கிடக்கின்றன. தமிழில் நான் பார்த்தது மிகக் குறைவு. வீட்டில் படித்து முடித்த நாவல் இருந்தால், அங்குள்ளவர்களிடம் கேட்டுவிட்டு ஒன்றிரண்டை வைத்துவிட்டு வாருங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தால் நல்லது. ஒற்றைக் கையால் பிடிப்பவர்களுக்காக ஒரு கிளிப்பும் வையுங்கள்.

போன வியாழக்கிழமை தொங்கான் புயலுக்குள் நுழைகிற இடத்தில் நேரம் முடிந்துவிட்டது. சனிக்கிழமை சீக்கிரம் வந்துவிடச் சொல்லியிருக்கிறார் பெரியவர்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்