கட்சி மேடையும் நீதிபதி இருக்கையும்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டாள் என்றறிந்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அவள் அரசியலிலும் இறங்கினால் பின்னாளில் நீதிபதியாகும் தகுதி போய்விடாதா என்று கேட்டிருக்கிறாய். எனக்கு உடனே வி.ஆர்.கிருஷ்ணய்யர்தான் நினைவுக்கு வந்தார்.

பாலக்காட்டுக்காரர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். தலச்சேரியில் தொழிலாளர்களுக்காகவும் விவசாயிகளுக்காகவும் வாதாடினார். 1948-இல் கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்று சிறையில் அடைத்தார்கள். 1952-இல் சென்னை சட்டமன்ற உறுப்பினர், 1957-இல் கேரளத்தின் கம்யூனிஸ்ட் முதல்வர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அமைச்சரவையில் சட்டம், சிறைத்துறை அமைச்சர். 1959-இல் அந்த ஆட்சி கலைக்கப்பட்டதும் வழக்காடத் திரும்பியவர், 1965 தேர்தலில் தோற்று, 1968-இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1973-இல் உச்ச நீதிமன்றம். கட்சிச் சாயம் பூசியவருக்கு அந்த இருக்கையா என்று வழக்கறிஞர்களே எதிர்த்தார்கள்.

1975 ஜூனை நினைத்துப் பார். தன் தேர்தல் வெற்றி செல்லாது என்ற அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குத் தடை கேட்டுப் பிரதமர் இந்திரா காந்தி வந்தபோது, உச்ச நீதிமன்றத்தின் விடுமுறைக்கால நீதிபதி இவர். 1959-இல் இவர் இருந்த அமைச்சரவையைக் கலைத்தபோது காங்கிரஸ் தலைவராக இருந்தவர் அதே இந்திரா! பழி தீர்க்கவும் வாய்ப்பு, தயவு தேடவும் வாய்ப்பு. இவர் இரண்டையும் தொடவில்லை. பிரதமராகத் தொடரலாம், அவையில் பேசலாம். ஆனால் உறுப்பினராக வாக்களிக்கக் கூடாது, சம்பளம் பெறக் கூடாது என்று ஜூன் 24 அன்று உத்தரவிட்டார். மறுநாள் இரவே நெருக்கடி நிலை வந்தது.

அரசியலில் ஏழைகளோடு பழகியது வீண்போகவில்லை. மோத்திராம் என்ற கொத்தனாருக்கு ஜாமீன் கிடைத்தும் பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணை கேட்டார் மாஜிஸ்திரேட். அவருடைய சகோதரர் பிணை நிற்க வந்தால், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார். 1978-இல் கிருஷ்ணய்யர் அதை ரத்து செய்து, ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். டெல்லி திகார் சிறைக் கைதி சுனில் பத்ரா சக கைதியின் சித்திரவதையைப் பற்றி எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்றது அவருடைய அமர்வு. சிறைக்குள் இருந்தவருக்கு அந்தக் கடிதத்தின் அவசரம் புரியாதா?

ஓய்வுக்குப் பின் 1987-இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தீர்ப்பு எழுதிய கை மறுபடி வாக்குக் கேட்க நீளக் கூடாது.

மகளைத் தயங்காமல் தேர்தலில் நிற்கச் சொல். மோத்திராம் தீர்ப்பின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். நடை கொஞ்சம் கடினம், பொறுமையாகப் படிக்கட்டும். பொங்கலுக்கு இங்கே வருவீர்கள்தானே?

அன்புடன்,
உன் நண்பன்