அடிக்கு அடியில் மீட்டர்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்கு முட்டி வலி தேவலை என்று படித்ததும் நிம்மதி. இங்கே அமெரிக்காவில், ஓஹையோவில் இப்போதுதான் வெயில் எட்டிப் பார்க்கிறது. எண்பது டிகிரி! பதறாதே, ஃபாரன்ஹீட். நம் கணக்கில் 27.

போன வாரம் சின்னவள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கிலோமீட்டரை மைலாக மாற்று, லிட்டரை கேலனாக மாற்று. கடகடவென்று போட்டுவிட்டாள். "சரி, இந்தக் கதவு எத்தனை மீட்டர் உயரம்?" என்றேன். கதவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எத்தனை அடின்னு சொல்லுங்கப்பா, மாத்தித் தர்றேன்." அவளுடைய ஸ்கேலை வாங்கிப் பார்த்தேன். அங்குலப் பக்கம் முழுக்க பேனா மை; சென்டிமீட்டர் பக்கம் புதுசு போல இருக்கிறது.

பள்ளியில் மீட்டர் சொல்லித் தராமல் இல்லை. அறிவியல் வகுப்போடு சரி, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டால் பனி அங்குலத்தில் கொட்டுகிறது, ஆலங்கட்டி கோல்ஃப் பந்து அளவில் விழுகிறது, காட்டுத்தீ இத்தனை கால்பந்து மைதானம் பரப்பு எரிகிறது. எதை வேண்டுமானாலும் சொல்வார்கள், ஹெக்டேர் மட்டும் வாயில் வராது.

1975-இல் ஃபோர்டு அதிபராக இருந்தபோது மெட்ரிக்குக்கு, அதாவது மீட்டர், கிலோ, லிட்டர் அளவுகளுக்கு மாறச் சட்டம் போட்டார்கள். ஆனால் விருப்பப்பட்டவர்கள் மாறலாம் என்று விட்டுவிட்டார்கள். யார் மாறுவார்? அதற்கென்று வைத்த வாரியத்தையும் 1982-இல் ரேகன் காலத்தில் மூடிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், 1893-இலிருந்தே இவர்களுடைய அடிக்கும் பவுண்டுக்கும் ஆதாரம் மீட்டரும் கிலோகிராமும்தான். அடிக்கு அடியில் மீட்டர்! 1999-இல் செவ்வாய்க்கு அனுப்பிய விண்கலம் ஒன்று தொலைந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு மென்பொருள் பவுண்டில் கொடுத்த விசைக் கணக்கை மறுபக்கம் மெட்ரிக் அலகான நியூட்டன் என்று எடுத்துக்கொண்டதால் வந்த வினை.

கடையில் கோலா இரண்டு லிட்டர் பாட்டிலில், பக்கத்திலேயே பால் கேலனில். யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. நாம் மட்டும் என்ன, காய்ச்சல் என்றால் 102 என்றுதானே சொல்கிறோம், பூவை முழத்தில்தானே வாங்குகிறோம்.

ஜூலையில் வருகிறோம். சின்னவளை உன் கடையில் ஒரு நாள் விட்டுவிட்டுப் போகிறேன். தராசுப் பக்கம் நிறுத்தி வை. கால் கிலோ பருப்பு கையில் எவ்வளவு கனம் என்று தெரிந்துகொள்ளட்டும்.

அன்புடன்,
சேகர்