குழந்தையின் பணத்தை நிறுத்தி வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரிந்த பிறகு பிள்ளையின் பராமரிப்புக்குப் பணம் அனுப்ப வேண்டிய அப்பாக்களுக்கும் அம்மாக்களுக்கும்,

வணக்கம். மாதம் தவறாமல் அனுப்புகிறவர்களுக்கு இந்த மடல் தேவையில்லை. இந்த மாதம் அனுப்பத்தான் வேண்டுமா என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறவர்களுக்கு எழுதுகிறேன்.

நான் அப்படிப்பட்ட பணத்தில் வளர்ந்த பிள்ளை. எனக்கு ஏழு வயதானபோது அப்பா தனியாகப் போய்விட்டார். மாதம் இவ்வளவு என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. அம்மா ஒரு நோட்டில் மாதத்தின் பெயரை எழுதி, வந்த தொகையை எதிரே குறித்து வைப்பார். வராத மாதத்துக்கு எதிரே ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். நான் அந்த நோட்டை ஒளிந்திருந்து பார்ப்பேன். கோடு விழுந்த மாதத்தில் எதுவும் கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லித்தராமலே தெரிந்துகொண்டேன். ஒரு முறை ஷூவின் முன்பக்கம் வாய் பிளந்துவிட்டது. உள்ளே அட்டையை மடித்து வைத்து மூன்று வாரம் அதையே போட்டுக்கொண்டு போனேன். அம்மாவுக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது; அவர் அம்மாவுக்குப் பாடம் கற்பிப்பதாக நினைத்திருந்தார்.

“அந்த ஆள் கையில் பணம் கொடுக்க எனக்கு மனசில்லை.” உங்களில் பலர் இதைத்தான் சொல்கிறீர்கள். உங்கள் கோபத்துக்குக் காரணம் இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அது அந்த ஆளின் பணம் இல்லை. கணவன் மனைவிக்கு இடையிலான ஜீவனாம்சம் வேறு, பிள்ளையின் பராமரிப்புத் தொகை வேறு. திருமணம் முறியலாம், பெற்றவர் என்ற உறவு முறியாது. திருமணமே நடக்காமல் பிறந்த பிள்ளைக்கும் இது பொருந்தும். இந்தியாவில் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு அதை வெளிப்படையாகவே சொன்னது, அதன் இடத்துக்கு வந்திருக்கும் புதிய சட்டத்தின் 144-ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. 1989-இல் ஐ.நா. பொதுச் சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 27-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பிள்ளை வளர்வதற்கான வாழ்க்கை வசதியைத் தங்கள் சக்திக்கு ஏற்பச் செய்து தருவது பெற்றோரின் முதல் பொறுப்பு. பெற்றவர் வேறு நாட்டில் இருந்தாலும் பராமரிப்புத் தொகையை வசூலிக்க அரசுகள் வழிசெய்ய வேண்டும் என்கிறது.

அடுத்தது, “பிள்ளையைப் பார்க்க விட மாட்டேன் என்கிறார்கள், அப்புறம் நான் ஏன் தர வேண்டும்?” இதில் இருக்கும் வலி எனக்குப் புரிகிறது. பிள்ளையைக் காட்ட மறுப்பது தவறு. அதைக் கேட்க நீதிமன்றத்தில் தனி வழி இருக்கிறது, அந்த வழியில் போங்கள். ஆனால் பெரும்பாலான நாடுகளின் சட்டத்தில் பார்க்கும் உரிமையும் பணம் தரும் கடமையும் ஒன்றுக்கு ஒன்று பண்டமாற்று இல்லை. பணம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்டாமல் இருக்கவும் முடியாது, காட்டவில்லை என்று பணத்தை நிறுத்தவும் முடியாது. பிள்ளை உங்களோடு தங்கும் நாட்கள் கூடினால் தொகை குறைவது உண்டு. பிரிட்டனில் வருடத்துக்கு 52 இரவுகளிலிருந்து அந்தக் கணக்கு தொடங்குகிறது. அதுகூட முறையாகக் கணக்கிட்டுக் குறைப்பதுதான், நீங்களாக நிறுத்துவது இல்லை.

வேலை போய்விட்டதா, சம்பளம் குறைந்துவிட்டதா, உடம்பு முடியவில்லையா? அப்படியானால் இந்தப் பத்தியைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். தொகையை மாற்றிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த வாரமே மனு போடுங்கள். “நிலைமை சரியாகட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம்” என்று இருந்தால், பழைய தொகை மாதா மாதம் நிலுவையாக ஏறிக்கொண்டே போகும். அமெரிக்காவில் 1986-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, மனு போடுவதற்கு முன்பே சேர்ந்துவிட்ட பாக்கியை நீதிபதியே நினைத்தாலும் பின்தேதியிட்டுக் குறைக்க முடியாது. அங்கே பாக்கி 2,500 டாலரைத் தாண்டினால் பாஸ்போர்ட்டும் கிடைக்காது. பணம் தராமல் தப்பிக்க வேலையை விடுகிறவர்களும் இருக்கிறார்கள். உங்களால் எவ்வளவு சம்பாதிக்க முடியும் என்று பார்த்துத் தொகை போடும் அதிகாரம் பல நாட்டு நீதிமன்றங்களுக்கு இருக்கிறது.

இரண்டு பேருமாக வாய்ச்சொல்லாகப் பேசிக் குறைத்துக்கொண்டோம் என்பதும் பெரும்பாலும் நிற்காது. அது பிள்ளையின் உரிமை, வளர்க்கிறவர் தன் விருப்பத்துக்கு விட்டுக்கொடுக்கக் கூடியது இல்லை. பிறந்தநாளுக்கு வாங்கித் தரும் பரிசும் துணியும் பொதுவாகக் கணக்கில் சேராது. தயவுசெய்து ரொக்கமாகத் தராதீர்கள். வங்கி வழியாக அனுப்பினால் நாளைக்கு நீங்கள் கொடுத்ததற்கு அத்தாட்சி இருக்கும்.

சில அரசுகள் இதை வீட்டுச் சண்டை என்று ஒதுக்கிவிடவில்லை. ஜெர்மனியில் 1980 முதல், பணம் வராத பிள்ளைக்கு அரசே முன்பணம் தருகிறது. பிறகு தர வேண்டியவரிடம் வசூல் செய்ய முயல்கிறது. எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும். காரணம், பெரியவர்கள் வழக்காடி முடிக்கும் வரை பசி காத்திருக்காது என்பதை யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

என் அப்பாவிடமிருந்தும் கடைசியில் நிலுவை வந்தது. நீதிமன்ற உத்தரவின்பேரில், மொத்தமாக, ஒரே தவணையில். அப்போது நான் வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அம்மா அந்தப் பழைய நோட்டை எடுத்து வந்து மேசையில் விரித்தார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பக்கங்களைப் புரட்டினார். இதை எந்த மாதத்துக்கு எதிரே எழுதுவது என்று என்னிடம் கேட்டார்.

இப்படிக்கு,
அந்த நோட்டைப் படித்து வளர்ந்த ஒரு பிள்ளை