நீ போகாத வாரம்

அன்புள்ள கண்ணு,

கோல்ஃப் போட்டிக்கு உன்னை அழைத்துப் போகவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேசியதை அப்பாவும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நீ போனை வைத்த கையோடு மடிக்கணினியைத் திறந்து, அமெரிக்காவிலேயே உன்னை வேறு எந்தக் கல்லூரிக்கு மாற்றலாம் என்று பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார். நேரில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்வாய். அதனால் எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

கணக்கு டீச்சர் என்பதால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் அணியில் ஒன்பது பேர். போட்டியில் அணிக்காக ஆடுவது ஐந்து பேர். அந்த ஐவரில் ஒரு நாளின் மோசமான ஸ்கோரைத் தள்ளிவிட்டு நான்கைத்தான் கூட்டுகிறார்கள். அப்பா எழுதி வைத்திருக்கும் பெரிய கல்லூரிகள் பெரும்பாலானவற்றிலும் 2025 முதல் ஒன்பது பேர்தான் உச்சவரம்பு. எங்கே போனாலும் ஒவ்வொரு போட்டிக்கும் மூன்று நான்கு பெண்கள் விடுதியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதில் நீயும் சில வாரம் இருப்பாய். இதற்காகக் கல்லூரி மாற முடியாது.

ஆனால் உன் குறை அதுவல்ல என்பது எனக்குப் புரிகிறது. தகுதிச் சுற்றில் முதல் மூவர் ஸ்கோரால் போகிறார்கள், மீதி இரண்டு இடம் தலைமைப் பயிற்சியாளரின் தேர்வு. நீ நான்காவதாக வந்தாய். அவர் ஆறாவதாக வந்த பெண்ணை அழைத்துக்கொண்டு போனார். கேட்டதும் எனக்கும் வயிறு எரிந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் நீ அதை எனக்குச் சொன்னாய், அப்பாவுக்குச் சொன்னாய், சித்திக்குக்கூடச் சொல்லியிருக்கிறாய். அவரிடம் கேட்டாயா? அந்த மைதானத்தில் காற்று அதிகம் என்று நீதான் சொன்னாய். அந்தப் பெண் பந்தைத் தாழ்வாக அடிப்பவளா? காரணம் அதுவாகவும் இருக்கலாம், வெறும் தயவாகவும் இருக்கலாம். கேட்காமல் எப்படித் தெரியும்?

அப்பாவின் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை. கோப்பைகளை எண்ணியே அவர் வரிசைப்படுத்தியிருக்கிறார். வாசல் தோரணத்தைப் பார்த்துவிட்டுச் சம்பந்தம் பேசி முடிப்பது போல இருக்கிறது. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் டேவ் வில்லியம்ஸ் என்றொரு கோல்ஃப் பயிற்சியாளர் இருந்தாராம். ரசாயனப் பொறியியல் வாத்தியார். 1956-இலிருந்து 1985 வரை அவருடைய ஆண்கள் அணி 16 தேசியப் பட்டங்களை வென்றது. ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மைக் ஹோல்டர் 32 ஆண்டுகள் இருந்து எட்டுப் பட்டங்கள் எடுத்தார். அப்பா இதையெல்லாம் பரவசமாக வாசித்துக் காட்டினார். ஆண்கள் அணியின் கதை உனக்கு எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை.

ஆனாலும் அந்த ஓக்லஹோமா கதையில் எனக்கு ஒன்று பிடித்தது. ஹோல்டரின் கீழ் ஆடிய ஆலன் பிராட்டன் அங்கேயே துணைப் பயிற்சியாளராகி, நடுவில் பெண்கள் அணியைப் பார்த்துக்கொண்டு, 2013-இல் ஆண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 2018-இலும் 2025-இலும் பட்டம் வாங்கினார். துணைப் பயிற்சியாளர் என்றால் பையன்களை ஏற்றிக்கொண்டு வேன் ஓட்டுகிறவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தலைமைப் பயிற்சியாளர்கள் உருவாவதே அந்த இடத்தில்தான் போலிருக்கிறது.

பட்டியலில் எனக்கு உண்மையாகவே மரியாதை வந்த பெயர் ஸ்டான்ஃபோர்ட் பெண்கள் அணியின் ஆன் வாக்கர். ஸ்காட்லாந்தில் பிறந்து, கடல் தாண்டி வந்து கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆடி, டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்து, 2012-இல் ஸ்டான்ஃபோர்டுக்குப் போனவர். அந்தக் கல்லூரிப் பெண்களுக்கு 2015, 2022, 2024 என்று மூன்று பட்டங்கள் வந்தது அவர் காலத்தில்தான். வீட்டை விட்டு வந்த பெண்ணின் அக்டோபர் மாதம் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அங்கேயும் ரோஸ் ஜாங் என்ற நட்சத்திர வீராங்கனை ஆடிய வருடங்களில் ஏழாவது, எட்டாவது இடத்தில் இருந்த பெண்களின் நாள் எப்படிப் போனது என்று எந்தப் பட்டியலிலும் இல்லை. நான் தேடுவது அதைத்தான்.

உங்கள் துணைப் பயிற்சியாளரைப் பற்றி நீ போகிற போக்கில் ஒன்று சொன்னாய். அணி புறப்படும் முன்தினம் உன் கோல்ஃப் பையின் பக்கவாட்டு ஜிப்பில் மடித்த தாள் ஒன்றைச் செருகி வைத்துவிட்டுப் போனார் என்றாய். மூன்று, ஆறு, ஒன்பது அடி தூரத்திலிருந்து பட்டிங், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டுவது. ஒவ்வொரு தூரத்திலும் தொடர்ச்சியாக இத்தனை போட்டால்தான் அடுத்ததற்குப் போகலாம், ஒன்று தவறினால் முதலிலிருந்து. பங்கர் என்கிற மணல் பள்ளத்திலிருந்து அடிப்பதைப் பக்கவாட்டில் நின்று படம் எடுத்து அனுப்பு என்று அடியில் பேனாவால் எழுதியிருந்ததாம். நீ இதைப் புகாராகச் சொன்னாய், “வீட்டுப்பாடம் வேறு” என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயிற்சியாளர்கள் இருவருமே போட்டிக்குப் போய்விடுகிறார்கள். அங்கே ஒருவர் மூன்று அடியில் முடிக்க வேண்டிய பார்-3 குழியின் தொடக்க இடத்தில் நின்று, வருகிற ஒவ்வொருத்திக்கும் காற்றைப் பார்த்து எந்த மட்டையால் அடிப்பது என்று சொல்கிறார். இன்னொருவர் தடுமாறுகிற பெண்ணோடு நடக்கிறார். ஒரே நாளில் 36 குழி ஆடுகிறார்கள். (அந்த நாள் முழுவதையும் கல்லூரி விளையாட்டு விதிப்புத்தகம், பயிற்சிக்கும் போட்டிக்கும் சேர்த்து வாரத்துக்கு இருபது மணி நேரம் என்ற வரம்பில் வெறும் மூன்று மணி நேரமாகக் கணக்கில் எழுதுகிறது! இந்தக் கணக்கை என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் போட்டால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன்.) அவ்வளவு அலைச்சலுக்கு நடுவில் நீ அனுப்பிய பங்கர் படத்தைப் பார்த்துவிட்டு, முன்னங்காலில் இன்னும் எடை வை என்று அன்று இரவே பதில் போட்டவரும் அந்தத் துணைப் பயிற்சியாளர்தான். இதையும் நீயே சொன்னதுதான்.

அதனால் அவரிடமே முதலில் போ. பிறகு தலைமைப் பயிற்சியாளரின் அறைக்குப் போய், உட்கார்ந்து, அழாமல் கேள்: “நான்காவதாக வந்த என்னை ஏன் எடுக்கவில்லை? அடுத்த முறை எடுக்க நான் எதை மாற்ற வேண்டும்?” பந்தைப் பற்றி, பட்டிங்கைப் பற்றி ஏதாவது குறிப்பாகச் சொன்னால், கசந்தாலும் இருந்து பார். “பார்க்கலாம், பொறுமையாக இரு” என்று முதுகில் தட்டி அனுப்பினால், மாறுவதற்கு நானே முதலில் சம்மதிப்பேன்.

அதற்கு முன் கோபத்தில் பெயரை மட்டும் கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பட்டியலில் கொடுத்துவிடாதே. கொடுத்த பிறகு இந்தப் பருவத்தோடு உதவித்தொகையை நிறுத்த இவர்களுக்கு உரிமை உண்டு. படித்த பாடங்கள் எல்லாவற்றையும் புதிய இடத்தில் ஏற்றுக்கொள்வார்கள் என்பதும் இல்லை. விசா ஆவணங்களைக் கல்லூரிவிட்டுக் கல்லூரி மாற்ற வேறு வேண்டும். இவற்றை வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் விசாரித்து வை, அதில் தப்பில்லை. அப்பாவிடமும் சொல்லிவிட்டேன், நீ பேசி முடிக்கும் வரை யாருக்கும் மின்னஞ்சல் அனுப்பக் கூடாது என்று. சரி என்று தலையாட்டினார். பட்டியலை இன்னும் மூடவில்லை.

பேசிவிட்டு வந்ததும் எந்நேரமானாலும் கூப்பிடு. நீ ஆடும் நாட்களில் ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்து ஸ்கோர் பார்த்துப் பழகிய வீடுதான் இது. டிசம்பர் விடுமுறை எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று இரண்டு முறை கேட்டுவிட்டேன், நீ சொல்லவே இல்லை. டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போகிறது.

அன்புடன்,
அம்மா